சீர்த் தட்டில் ஓர் இரும்புத் தண்டு

திண்டிவனம்
1963, ஐப்பசி 2

அன்புள்ள கண்ணையன் அண்ணனுக்குத் தங்கை அம்சா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பொன்மலையில் நீங்களும் வெள்ளையம்மாள் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். மூன்று வருஷமாகப் பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவதோடு நின்றவள், இப்போது கவர் வாங்கிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். கோபம் இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பாப்பா பாஞ்சாலிக்கு மேல்பல் இரண்டும் வந்துவிட்டது. கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறாள். பெரியவன் கிருஷ்ணசாமி தன் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மாதிரி வாயால் சத்தம் போட்டுக்கொண்டே தெருவில் ஓடுகிறான். அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இப்போது சினிமாக் கொட்டகையில் வேலை. ஒரே முதலாளிக்கு இங்கே ஒரு கொட்டகை, விழுப்புரத்தில் ஒன்று. படம் மட்டும் ஒரே பெட்டி. இங்கே முதல் ஆட்டம் முடிந்ததும் ரீல்களை எல்லாம் வண்டியில் கட்டிக்கொண்டு பறக்க வேண்டும். அங்கே இரண்டாம் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு சர்க்கார் செய்திப் படத்தைப் போட்டு அடக்கி வைத்திருப்பார்களாம். இவர் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தினால் விசில், இன்னும் பிந்தினால் பெஞ்சு உடையும். அதனால் இவருக்கு ரோட்டில் நிதானம் என்பதே கிடையாது.

வண்டி உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் சண்டைக்குக் கொண்டுவந்து, பிறகு ஏலத்தில் விட்டுப்போன பட்டாளத்து வண்டி. ஆடி மாதம் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் ஒரு பக்கத்து இரும்பு முறிந்துவிட்டது. மெட்ராஸ் முழுக்க அலைந்தும் அந்தக் காலத்து ஃபோர்க் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, வல்லத்தில் ஒரு பண்ணைக்காரர் நிறுத்தி வைத்திருந்த புது மோட்டார் சைக்கிள் மேல் பின்பக்கமாக லாரி ஏறிவிட்டது. பின்பாதி அப்பளம், முன்பாதிக்கு ஒரு கீறல் இல்லை. அந்த முன்பாதியின் ஃபோர்க்கை இவர் கேட்டு வாங்கிவந்துவிட்டார். இந்தக் காலத்து மோஸ்தர். இரண்டு குழாய், உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும்.

கிழவனுக்குப் புதுப் பல் கட்டின கதைதான். ஃபோர்க்கையும் வண்டியின் கழுத்தையும் கோர்க்கிற தண்டு எட்டவில்லை. நம் வண்டிக் கழுத்து நீளம், புது ஃபோர்க்கின் தண்டு குட்டை. கிடங்கலில் பட்டறை வைத்திருக்கும் தாண்டவராயனும் இவரும் உட்கார்ந்து யோசித்து, என் மாமனாருடைய மாட்டுவண்டி அச்சில் ஒரு துண்டு அறுத்து, கியாஸ் வைத்து ஒட்டி நீளமாக்கிவிட்டார்கள். நான் பயந்து கேட்டதற்கு, ‘எங்க அப்பன் வண்டி அச்சுடி. மல்லாட்டை மூட்டையை மலை மாதிரி ஏத்திக்கினு செஞ்சி சந்தைக்குப் போன அச்சு. அதுக்கு மேல கெட்டியா எவன் இரும்பு செய்யறான்’ என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பொய் சொல்லக்கூடாது அண்ணா, வண்டி பல்லக்கு மாதிரிதான் போகிறது. பழைய ஃபோர்க் இருந்தபோது கை மணிக்கட்டு வீங்கி, சோறு பிசையக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பார். இப்போது அந்த வலி இல்லை. அதனால் கழற்றிப் போடுங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நாலைந்து நாளாக ஒரு சத்தம். வண்டியை வாசலில் தள்ளிக்கொண்டு வந்து பிரேக் பிடிக்கும்போது, கழுத்துக்குள்ளே ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவரிடம் சொன்னால், ‘புதுச் செருப்பு கூடத்தான் சத்தம் போடும், போவியா’ என்கிறார். பட்டறையில் மூன்று ஆண்பிள்ளைகள் கூடி உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு மட்டும் கேட்கிறது. அவர் திரும்பி வரும்வரை ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போகிறேன்.

உங்களிடம் கேட்க எனக்கு முகமில்லை. கிருஷ்ணசாமிக்குக் காது குத்தினபோது மயிலத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. ரயில் தாமதமாகி நீங்கள் சீர்த் தட்டோடு படியேறி வந்தபோது, பிள்ளை காதில் கடுக்கன் ஏறிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டியவனை அவன் பெரியப்பன் மடியில் உட்கார வைத்துவிட்டார்கள். ‘நேரம் போனப்புறம் மாமன் இன்னாத்துக்கு, சீர் இன்னாத்துக்கு’ என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னதும் என் காதில் விழுந்தது. நீங்கள் தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு வந்த வழியே போனீர்கள். அன்றைக்கு நான் ஓடிவந்து காலைப் பிடித்திருக்க வேண்டும். கூட்டத்தில் நின்றுவிட்டேன்.

அது கிடக்கட்டும். ரயில்வே பட்டறையில் இரும்போடு பழகுகிறவர் நீங்கள். அந்த ஒட்டு தாங்குமா, தாங்காதா? ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக வாசலில் தபால்காரரைப் பார்த்திருக்கும்
தங்கை அம்சா


பொன்மலை
ஐப்பசி 6

தங்கை அம்சாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. ஒரே வரி கேட்டிருக்கிறாய். தாங்காது.

மாட்டுவண்டி அச்சு மாடு போகிற வேகத்துக்கு ராஜாதான். பாரத்தை நின்று தாங்கும். மோட்டார் வண்டிக் கழுத்து அப்படி இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னுமாகச் சம்மட்டி அடி வாங்கும். அதுவும் நெருப்பு வைத்து ஒட்டின இடத்தின் ஓரத்தில் இரும்பு தன் குணத்தை இழந்துவிடும். புது ஃபோர்க் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது நல்ல சாமான். கெட்டது நடுவில் இருக்கிற தண்டுதான்.

நீயே சோதித்துப் பார்க்கலாம். நாங்கள் ரயில் அச்சில் செய்வதுதான். அந்த ஒட்டு வெளியில் தெரிகிறதா பார். கழுத்துக்கு அடியில், இரண்டு குழாயையும் பிடிக்கிற பட்டைக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். அதில் மண்ணெண்ணெயை நன்றாகத் தடவி ஊறவிடு. பிறகு ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, சுண்ணாம்பைக் குழைத்து மெல்லிசாகப் பூசு. காய்ந்ததும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தி அழுத்தி ஆட்டு. உள்ளே விரிசல் இருந்தால், அதில் புகுந்த எண்ணெய் வெளியே வந்து சுண்ணாம்பில் கறுப்புக் கோடு போடும். கோடு இல்லை என்றால் உன் அதிர்ஷ்டம். கோடு இருந்தால் அந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, சொன்னால் வேண்டுமென்றே ஏறுவார்.

ஒரே இரும்பில் கடைந்த தண்டு வேண்டும். எங்கள் ரயில்வே பட்டறையில் சொந்த வேலை செய்யக்கூடாது. பாலக்கரையில் தெரிந்தவர் கடைசல் பட்டறையில் நான் செய்து தருகிறேன். அளவு அனுப்பினால் பார்சலில் வரும். வீட்டுக்கு வரச் சொல்லாதே. என் தங்கை பிள்ளையை மடியில் வைக்க உங்கள் ஊரில்தான் வேறு மடி இருக்கிறதே.

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். உன் அண்ணி பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

கண்ணையன்


திண்டிவனம்
ஐப்பசி 10

அன்புள்ள அண்ணனுக்கு,

கோடு இருக்கிறது.

நேற்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது செய்தேன். அடுப்பங்கரை மண்ணெண்ணெய், வெற்றிலைத் தட்டில் இருந்த சுண்ணாம்பு. பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னாடி, வண்டிக்கு வெத்திலை மடிச்சுக் குடுக்கிறியா’ என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவளையே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, என் பலத்தை எல்லாம் சேர்த்துக் கைப்பிடியை ஆட்டினேன். முதலில் ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் வெள்ளைச் சுண்ணாம்பில் மயிர் இழை மாதிரி ஒரு கறுப்பு, ஒட்டின இடத்துக்கு ஓரமாகவே ஓடிற்று. அஞ்சம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவரை எழுப்பிக் காட்டினேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ‘சுண்ணாம்பு வெத்திலைக்குத்தான். சும்மா பேஜார் பண்ணிக்கினு’ என்று உள்ளங்கையால் வழித்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வழக்கம்போல ரீல் பெட்டிகளைத் தூக்கக் கிளம்பினார். சாவியை ஒளித்து வைக்கலாம் என்றால் அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. காலில் விழுந்தேன். ‘தீபாவளிக்குப் புதுப்படம், ரெண்டு கொட்டாயும் ஃபுல்லு, இப்போ வண்டி இல்லைன்னா என்னை வெச்சிருப்பானா’ என்று கேட்டார். அதுவும் நிஜம்தான். ஆனால் புதுப்படம் பார்க்க வருகிறவர்கள் தீபாவளிக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நான் எந்த நிறத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று அவர் யோசிக்கவில்லை.

அண்ணா, இப்படி எல்லாம் எழுதக்கூடாது என்று தெரியும். கை எழுதிவிடுகிறது.

பார்சல் உதவாது. பொன்மலை முத்திரையைப் பார்த்தாலே அவர் உடைக்கமாட்டார். தாண்டவராயன் பட்டறையில் மூலையில் கிடக்கும். அதனால் நான் ஒன்று யோசித்தேன். படித்துவிட்டுத் திட்டாதீர்கள்.

பாஞ்சாலிக்கு இன்னும் காது குத்தவில்லை. வரும் கிருத்திகைக்கு மயிலத்தில் குத்துவதாக வேண்டுதல் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வேண்டுதலும் இல்லை, முருகன் மன்னிக்கட்டும், இப்போது வேண்டிக்கொண்டுவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே ‘செய்’ என்றார். யார் மடியில் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்கள் தாய்மாமனாக வர வேண்டும். தட்டில் தேங்காய், பழம், பூ, பாப்பாவுக்கு ஒரு பாவாடைத் துணி போதும். நடுவில் அந்தத் தண்டை மஞ்சள் குங்குமம் வைத்து வையுங்கள். மச்சான் கையால் ஒரு ஆணி வாங்க அவருக்கு மானம் தடுக்கும். ஆனால் தாய்மாமன் சீரை வேண்டாம் என்று தள்ளின ஆம்பிளை நம் பக்கத்தில் யாராவது உண்டா? அழுகின பழம் வந்தாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். சபையில் வாங்கினதை வீட்டில் கொண்டுவந்து மூலையில் போடவும் முடியாது. அவர் வாய் என்ன சொன்னாலும், அவர் கை வாங்கும். எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

அளவு கேட்டீர்களே. அவர் குளிக்கப் போனபோது, பாப்பாவுக்கு அரைஞாண் கட்ட வாங்கின கறுப்புக் கயிற்றால் வண்டிக் கழுத்தை மேலிருந்து கீழே அளந்து, முடிச்சுப் போட்டுக் கவருக்குள் வைத்திருக்கிறேன். அவசரத்தில் அளந்தது. சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கூப்பிட வேண்டியவர் அவர்தான். வெற்றிலை பாக்கோடு வந்து அழைக்க வேண்டிய மரியாதை உங்களுக்கு உண்டு. அது வராது என்று தெரிந்துதான் நான் அழைக்கிறேன். உங்கள் மானத்தைக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடனாகக் கொடுங்கள். என் கழுத்தில் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கை அம்சா

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது அவர் கிளம்பும் சத்தம் கேட்கிறது. இன்றைக்கும் போகிறார்.


திண்டிவனம்
ஐப்பசி 12

மச்சான் அவர்களுக்குப் பச்சைமுத்து எழுதிக்கொண்டது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இந்தக் கடிதம் எழுதியது அம்சாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அம்சா உங்களுக்கு ஒரு கறுப்புக் கயிறு அனுப்பியிருப்பாள். அரைஞாண் கயிறு எவ்வளவு வாங்கினேன், வீட்டில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. வண்டிக் கழுத்தில் பூசின கிரீஸ் அவள் முந்தானையில் இருக்கிறது. சுண்ணாம்பு பூசி விரிசல் பார்ப்பது ரயில் பட்டறை வித்தை, அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்க வேண்டியதில்லை. அந்த அளவை நம்பிக் கடைய வேண்டாம். அந்தக் கயிறு இழுத்த இழுப்புக்கு நீளும். பழைய ஃபோர்க்கின் தண்டு தாண்டவராயன் பட்டறையில் கிடந்தது. அதன் நீளத்துக்குக் காய்ந்த தென்னை ஈர்க்கு வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நகத்தால் கீறியிருக்கிற இடம் வரை திருகு மரை வர வேண்டும். கூட வைத்திருக்கிற காகித வளையம் தண்டின் பருமன். நசுங்காமல் வரும் என்று நம்புகிறேன்.

அவள் காட்டின கோட்டை நான் கையால் வழித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன செய்வது. பிறகு பட்டறையில் யாரும் இல்லாதபோது நானே மண்ணெண்ணெய் ஊற்றிச் சுண்ணாம்பு தடவிப் பார்த்தேன். கோடு அவள் காட்டினதைவிட நீண்டிருக்கிறது.

அவள் கோட்டைக் காட்டினதற்கு முந்தின ராத்திரியே எனக்குத் தெரியும். கூட்டேரிப்பட்டு தாண்டிப் போகும்போது விளக்கு இல்லாமல் மல்லாட்டை மூட்டை ஏற்றின ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். என் கை ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போனது போல இருந்தது. புளியமரத்துக்கு அருகில் போய் நின்றேன். வண்டிக்காரன் இறங்கி வந்து, ‘அடி பட்டுச்சா சாமி’ என்று கேட்கிறான், நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பயந்துவிட்டேன் மச்சான். ஆனாலும் அப்பாவின் வண்டி அச்சு என்பதால் அதைக் குறை சொல்ல மனசு ஒப்பவில்லை. அவர் ஓட்டின காலத்தில் அந்த வண்டி ஒரு தரம்கூடக் குடை சாய்ந்ததில்லை.

இரண்டு நாளாக வண்டியை வீட்டிலிருந்து கிளப்பித் தாண்டவராயன் பட்டறை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுகிறேன். ரீல் பெட்டி தெரிந்தவன் லாரியில் போகிறது, நானும் அதில் போகிறேன். தினமும் தாமதம், மானேஜரிடம் தினமும் ஏச்சு. தீபாவளிக்கு லாரி எதுவும் ஓடாது. அம்சாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் நான் தோற்றதாக ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அவள் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் சொல்லவில்லை. இதுதான் என் புத்தி.

உங்களுக்கு அன்றைக்கு நான் செய்ததும் இதே புத்திதான். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

பாஞ்சாலிக்குக் கிருத்திகை அன்று மயிலத்தில் காது குத்து. வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். கொட்டகையில் ஒரு நாள்கூட லீவு தரமாட்டேன் என்கிறான். ஆகையால் இந்தக் கவருக்குள் ஒரு வெற்றிலையும் ஒரு பாக்கும் வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் வாடித்தான் போயிருக்கும். அதையே நேரில் வந்ததாக ஏற்றுக்கொண்டு வெள்ளையம்மாள் அக்காவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வரவும். தட்டில் என்ன வைத்துக் கொண்டுவருவீர்கள் என்று எனக்குத் தெரியாது. சபையில் அம்சா பார்க்கும்போது எனக்குத் தெரியாததாகவே இருக்கட்டும்.

காது குத்தும் பத்தரிடம் சொல்லிவிட்டேன். மாமன் வந்து மடி கொடுக்கும்வரை ஊசியைக் கையில் எடுக்கக்கூடாது. ரயில் எவ்வளவு தாமதமானாலும் சரி, நல்ல நேரம் தாண்டிப்போனாலும் சரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
பச்சைமுத்து